வத்தக்குழம்பு வேக 45 மாதமா? தேடல் முடிவில் நம் பக்கம் எப்படித் தெரியும்?

[திரையில்: கைப்பேசி. தேடல் பெட்டியில் 'வத்தக்குழம்பு செய்வது எப்படி' என்று விரல் தட்டுகிறது.]

வணக்கம். இந்த இரண்டு முடிவுகளைக் கொஞ்சம் பாருங்கள். மேலே இருப்பதில் குழம்பின் படம், நட்சத்திரங்கள், பக்கத்திலேயே '45 நிமிடம்'. கீழே இருப்பதில் ஒரு தலைப்பும் இரண்டு வரியும்தான். நம் விரல் படத்தின் மேல்தான் போகும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைவிட நன்றாகச் சமைப்பவராகக்கூட இருக்கலாம், பாவம்.

அந்தப் படத்தையும் நேரத்தையும் கூகுள் ஆள் வைத்துப் படித்து எடுத்துப் போடவில்லை. பக்கத்தை உருவாக்கியவர் தேடுபொறிக்கென்றே தனியாக எழுதி வைத்திருக்கிறார். இதற்குப் பெயர் ஸ்ட்ரக்சர்டு டேட்டா, கட்டமைக்கப்பட்ட தரவு.

[திரையில்: சமையலறை அலமாரி. வரிசையாக டப்பாக்கள்.]

எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுத்தம்பருப்பு இருக்கும், பிஸ்கட் டப்பாவில் வெல்லம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். விருந்தாளி யாராவது காபி போடப் போனால் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதற்குள் பால் பொங்கிவிடும். தேடுபொறியும் அப்படி ஒரு விருந்தாளிதான். உங்கள் பக்கத்தில் '45 நிமிடம்' என்று ஓரிடத்திலும் '30 நிமிடம்' என்று வேறோரிடத்திலும் இருந்தால், எது குழம்பு கொதிக்க, எது புளி ஊற என்று அது ஊகிக்கத்தான் வேண்டும். டப்பாவில் லேபிள் ஒட்டிவிட்டால் ஊகத்துக்கு வேலை இல்லை.

[திரையில்: 2008.]

இந்த லேபிள்களை வைத்துத் தேடல் முடிவையே மாற்றிக் காட்டலாம் என்று பெரிய அளவில் செய்து பார்த்தது யாஹூ. 2008-இல் வந்த அந்த வசதியின் பெயர் சர்ச்மங்கி. பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், யோசனை அருமையானது. தளத்துக்காரரோ வெளியிலிருக்கும் ஒரு புரோகிராமரோ, பக்கத்திலுள்ள தரவை எடுத்து 'இந்தத் தளத்தின் முடிவு இப்படித் தெரியட்டும்' என்று ஒரு சின்ன ஆப் எழுதலாம். தேடுகிறவர் பிடித்திருந்தால் அதைத் தன் தேடலில் சேர்த்துக்கொள்ளலாம். 2010-இல், யாஹூவின் தேடல் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிடம் போனபோது, சர்ச்மங்கியும் மூடப்பட்டது. எனக்கு இன்றும் அதில் ஒரு வருத்தம் உண்டு. முடிவு எப்படித் தெரிய வேண்டும் என்று நாமும் சொல்ல முடிந்தது அப்போதுதான்.

கூகுள் 2009 மே மாதம், முடிவைக் கூடுதல் விவரங்களோடு காட்டும் ரிச் ஸ்னிப்பெட்ஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தது. இங்கே தரவை நீங்கள் கொடுக்கலாம், எப்படிக் காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பதை கூகுள் முடிவு செய்யும். இன்றுவரை அதுதான் நடைமுறை. 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்பட்டியலை வெளியிட்டன. ஆளுக்கொரு விதமாக லேபிள் எழுதும் தொல்லை அதோடு பெருமளவு குறைந்தது.

[திரையில்: பக்கத்தின் மூல நிரல். ஒரு பகுதி மட்டும் மஞ்சளில்.]

சரி, லேபிள் எப்படி இருக்கும்? இப்போது பெரும்பாலும் ஜேசன்-எல்டி என்ற வடிவத்தில் எழுதுகிறார்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது, நிரலுக்குள் இருக்கும். வகை: ரெசிபி. பெயர்: வத்தக்குழம்பு. படம்: இந்த முகவரியில். சமையல் குறிப்புக்குப் பெயரும் படமும் கட்டாயம் என்கிறது கூகுள். மற்றவை இருந்தால் நல்லது.

நேரம் எழுதும் இடத்தில்தான் நான் ஒரு கூத்து செய்தேன். என் அத்தைக்கு ஒரு சமையல் தளம் செய்து கொடுத்தேன். இங்கே '45 நிமிடம்' என்று தமிழில் எழுத முடியாது, அதற்கு ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறை இருக்கிறது. அதன்படி 45 நிமிடம் என்றால் 'பி டி 45 எம்'. பி என்றால் கால அளவு. டி என்றால் இதற்கு மேல் வருவது மணி, நிமிடக் கணக்கு. நான் டி-யை விட்டுவிட்டேன். 'பி 45 எம்'. டி இல்லாவிட்டால் அந்த எம் நிமிடம் இல்லை, மாதம்! இலக்கணப்படி அதில் ஒரு தவறும் இல்லை என்பதுதான் வேடிக்கை. அத்தையின் வத்தக்குழம்பு கிட்டத்தட்ட நான்கு வருடம் அடுப்பில் இருந்திருக்கும்.

[திரையில்: ஐந்து நட்சத்திரங்கள், ஒவ்வொன்றாக அணைகின்றன.]

அப்புறம் இந்த நட்சத்திர ஆசை. யாரும் மதிப்பிடாத பக்கத்துக்கு 4.9 என்று லேபிளில் எழுதிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பக்கத்தில் வாசகருக்குத் தெரியாத எதையும் லேபிளில் எழுதக் கூடாது என்பது கூகுளின் விதி. மாட்டினால், பக்கம் வழக்கமான இடத்தில்தான் இருக்கும், ஆனால் படம், நட்சத்திரம் எல்லாம் போய்விடும். ஒரு நிறுவனம் தன் தளத்தில் தன்னைப் பற்றியே போட்டுக்கொள்ளும் மதிப்பீடுகளுக்கு 2019 செப்டம்பரிலிருந்து நட்சத்திரம் கிடையாது.

கேள்வி-பதில் லேபிளுக்கும் இதே கதை. இட்லிக் குறிப்பின் அடியில்கூட 'இட்லி என்றால் என்ன?' என்று நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள், தேடல் முடிவில் கேள்வி-பதில் தெரியும் அந்தக் காட்சியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ராத்திரி பகலாக நிரப்பியவர்களின் உழைப்பு வீண்.

முடிவு எப்படி வர வேண்டும் என்று ஓரளவு நாமே சொல்லக்கூடிய இடமும் ஒன்று உண்டு. ஒரு தளத்துக்குள்ளேயே தேடுவதற்கான கூகுளின் தேடல் பெட்டி, ப்ரோகிராமபிள் சர்ச் எஞ்சினை உங்கள் தளத்தில் வைத்தால், இந்த வகைப் பக்கங்கள் மட்டும் வரட்டும், தேதி வரிசையில் வரட்டும் என்று உங்கள் தரவை வைத்தே சொல்லலாம். சமையல் தளத்தில் கட்டுரைகளை விலக்கிவிட்டுக் குறிப்புகளை மட்டும் தேட வைப்பது இப்படித்தான்.

[திரையில்: ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் பக்கம். முகவரி ஒட்டப்படுகிறது.]

எழுதி முடித்ததும், லேபிள்களைச் சோதித்துச் சொல்லும் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் உங்கள் பக்க முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். கட்டாயமானது ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லும். புளி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று அதற்குத் தெரியாது. டி-யைச் சேர்த்து, மொத்த நேரம் 45 நிமிடம் என்று போட்டு, பெருமையாக அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டா, புளி ஊறவே அரை மணி ஆகுமே, அதை எங்கே போட்டிருக்கே?"

[திரையில்: ஆயத்த நேரம், பி டி 30 எம். சமைக்கும் நேரம், பி டி 45 எம். மொத்த நேரம், பி டி 1 எச் 15 எம்.]