அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய காண்டோ கதை

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் சத்தம் ஃபேன் இல்லை, காற்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தை மாதம் வந்தால் கணவாய்க் காற்று இப்படித்தான் தென்னை மட்டையைப் பிய்த்துப் போடும். மைக்கில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஊரைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வண்டியை எடுத்துக் கிழக்கே போனால் வேலந்தாவளம் சோதனைச்சாவடி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், பஸ்ஸில் போர்டு வாசிப்பது மலையாளம். அப்பா கொத்தனார். 30 வருஷத்துக்கு மேல் கரண்டி பிடித்த கை. இப்போது முழங்கால் வலியால் சாரம் ஏறுவதில்லை.

இந்த மேசையில் இரண்டு மண் கல் இருக்கிறது, பார்த்தீர்களா? ஒன்று நல்ல கல், இன்னொன்று ஏறக்குறைய கூழ். இவை எப்படி வந்தன என்றுதான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

போன வாரம் ஒரு கட்டிடக் கலைஞரைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். பெயர் டியபேடோ ஃபிரான்சிஸ் கெரே. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாடு, அதில் காண்டோ என்ற கிராமம். அங்கே 1965-ல் பிறந்தவர். ஊர்த் தலைவரின் மூத்த மகன். அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை அவர்தான். ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது என்பதால் ஏழு வயதில் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய்ப் படித்திருக்கிறார். ஒரே வகுப்பறையில் 100-க்கு மேல் பிள்ளைகள், வெளிச்சம் கம்மி, தாங்க முடியாத வெக்கை. என்றைக்காவது இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்ற நினைப்பு அந்த வெக்கைக்குள்தான் வந்தது என்கிறார்.

நான் ஆங்கிலத்தில் வாசித்து, அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், இந்த இடத்தில், "அங்க வெயிலு எப்புடி அம்மிணி?" என்றார். மேப் எடுத்துப் பார்த்தோம். புர்கினா ஃபாசோவும் நம் பாலக்காடும் பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கின்றன. "அப்ப நம்ம வெயிலுதான்" என்றார் அப்பா. நம் வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது.

அந்த 100 பிள்ளைகள் வகுப்பு எனக்கு வெறும் தகவல் இல்லை. மூன்றாவது படிக்கும்போது எங்கள் வகுப்புக்கு மேலே தகர ஷீட். எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம், இன்று அங்கே நல்ல கட்டிடம் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு மேல் டீச்சர் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் தெளிப்பார். ஈரம் காய்கிற வரைக்கும்தான் கணக்கு மண்டையில் ஏறும். அதற்கப்புறம் எல்லோரும் வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவோம். மழை வந்தால் நேர் எதிர்: உள்ளே இருப்போம், டீச்சர் வாய் அசைவது தெரியும், ஒரு வார்த்தை கேட்காது.

சரி, கெரே கதைக்கு வருகிறேன். 1985-ல் தச்சு வேலை கற்றுக்கொள்ள உதவித்தொகை கிடைத்து பெர்லின் போகிறார். பகலில் கூரையும் மரச்சாமான்களும் செய்யப் பழகி, ராத்திரியில் பள்ளிப் படிப்பை முடித்து, பிறகு அங்கேயே கட்டிடக் கலை படிக்கச் சேர்கிறார். பட்டம் வாங்கியது 2004-ல். ஆனால் ஊரில் பள்ளிக்கூடம் எழும்பியது 2001-ல்! மாணவராக இருக்கும்போதே கட்டி முடித்துவிட்டார். 1998-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினார். அதன் ஜெர்மன் பெயரைத் தமிழில் சொன்னால் 'காண்டோவுக்குப் பள்ளிக்கூடக் கற்கள்' என்று வரும். உடன் படித்தவர்களிடம், காபிக்கும் சிகரெட்டுக்கும் செலவழிக்கிற காசை என் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்படிச் சேர்ந்தது சுமார் 50,000 டாலர்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்லும்போது விருதில் போய் முடிப்பார்கள். 2004-ல் ஆகா கான் கட்டிடக் கலை விருது, 2022-ல் கட்டிடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர், அதை வாங்கிய முதல் ஆப்பிரிக்கர். பெரிய விஷயம்தான். ஆனால் என்னை அழ வைத்தது விருது இல்லை. சின்ன வயதில் அவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பக் கிளம்புவார். அப்போது வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு புறப்படுவது வழக்கம். ஒவ்வொரு பெண்ணும் தன் துணி முடிச்சை அவிழ்த்து, கடைசியாக இருந்த காசை எடுத்து அவர் கையில் வைப்பார்களாம். இவர்கள் ஏன் எனக்குத் தருகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். உன் படிப்புக்கு அவர்களும் கொடுக்கிறார்கள், நீ நன்றாக வந்து ஒரு நாள் இந்த ஊருக்கு ஏதாவது செய்வாய் என்ற நம்பிக்கை என்றாராம் அம்மா.

முந்தானையில் முடிந்து வைத்த காசு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் பிளஸ் டூ முடித்து கோயம்புத்தூர் கிளம்பிய அன்று, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மடித்த நோட்டில் மஞ்சள் வாசம் அடித்தது. இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம்தான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்த இடம் வந்தது. கெரே ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்தை மண்ணில் கட்டப் போகிறேன் என்றதும் ஊரே சோர்ந்து போனது. எங்கள் மண் வீடு ஒரு மழைக்காலம் தாங்குவதில்லையே, இதற்காகவா நீ இத்தனை வருஷம் ஐரோப்பாவில் படித்தாய், இங்கே எங்களோடு காட்டில் வேலை செய்திருக்கலாமே என்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள். அப்பா சொன்னார்: "நானும் அதையேதான் கேட்டிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "வெறும் மண்ணுல வெச்சிருக்க மாட்டாரு, என்ன கலந்தாருன்னு பாரு" என்றார்.

கலந்தது கொஞ்சம் சிமென்ட். மண்ணோடு சிமென்ட் சேர்த்து, அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்த கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கிக்கொண்டு வந்தது பிள்ளைகள். கல் அறுக்கத் தண்ணீர் சுமந்தது பெண்கள். தரை போட்ட விதத்தை அவரே ஒரு மேடையில் சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் வரிசையாக நின்று மணிக்கணக்காக மண்ணை அடிக்கிறார்கள். பிறகு அவர்களுடைய அம்மாக்கள் வந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குனிந்தபடி அடிக்கிறார்கள். கடைசியாகக் கூழாங்கல்லால் தேய்க்கிறவர்கள் வருகிறார்கள். முடிக்கும்போது தரை கைக்குழந்தையின் உடம்பு மாதிரி வழவழப்பாக இருக்கிறது.

"நாம திமுசு போட்டு, கூழாங்கல்லுல தேச்ச மாதிரியேதான்" என்றார் அப்பா. என் பாட்டி வீட்டுத் தரை அப்படித்தான் இருந்ததாம். நான் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரியும்போது அங்கே சிமென்ட் பூசிவிட்டார்கள்.

இனி கூரை. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்தக் கட்டிடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் ஷீட் போட்டால் சுவருக்கு மேலே பைப், பைப்புக்கு மேலே ஷீட், முடிந்தது வேலை. வெயில் ஷீட்டில் விழுகிறது, ஷீட்டின் சூடு நேரே பிள்ளைகள் தலையில் இறங்குகிறது. காண்டோவில் சுவருக்கு மேலே முதலில் மண் கல்லாலேயே ஒரு தளம். அதில் காற்றுப் போக இடைவெளிகள். தகரக் கூரை அதன் மேல் படவே படாது. சாதாரணக் கான்கிரீட் கம்பியை வளைத்துப் பற்றவைத்த சட்டங்களின் மேல், உயரத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. வகுப்பில் இருக்கிற சூடான காற்று தளத்தின் இடைவெளி வழியாக மேலே ஏறுகிறது. தளத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஓடுகிற காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருப்பதால் வெயிலும் மழையும் மண் சுவரைத் தொடுவதில்லை. மூன்று வகுப்பறை ஒரே வரிசையில், நடுநடுவே கூரை போட்ட திறந்த இடம். திண்ணை மாதிரி. குளிர்ச்சிக்குக் கரண்டு தேவைப்படவில்லை, கூரை போடக் கிரேன் தேவைப்படவில்லை. கைரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும்தான். அந்த வேலையையும் ஊர்ப் பையன்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார்.

நான் இதைக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அப்பா பென்சிலை வாங்கி இடைவெளியில் ஒரு அம்புக்குறி போட்டார். "நம்ம பழைய ஊட்டுல ஓட்டுக்குக் கீழ மச்சு இருந்துச்சே, அதுதான். மச்சு இருந்தா கீழ சில்லுனு இருக்கும்." அப்புறம் லாரி பேக்கர் பற்றிப் பேச ஆரம்பித்தார். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டிடக் கலைஞர். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையை அப்பா ஒரு மேஸ்திரியிடம் கற்றிருக்கிறார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தி நிறுத்தி, சுவருக்குள் காலி இடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கல் மிச்சம், உள்ளே குளிர்ச்சி. "ரெண்டு வீடு அப்படிக் கட்டுனேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கல."

அடுத்து அவர் சொன்னதுக்காகத்தான் இந்த வீடியோவையே எடுக்கிறேன். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் எத்தனையோ பள்ளிக்கூடக் கட்டிடத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்திருக்கிறார்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். "பூச்சு முடிச்சதும் சாமானை எடுத்துட்டு வந்துருவோம் அம்மிணி. பசங்க உக்காந்த வகுப்புக்குள்ள ஒரு நாளும் நான் உக்காந்து பாத்ததில்ல. உள்ள வெக்கையா இருக்குதான்னு தெரியாது. எங்கிட்ட யாரும் கேட்டதும் இல்ல."

மக்களே, ஏழை ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டுவது என்றால் நாம் உடனே பணத்தைத்தான் நினைக்கிறோம். யாரோ வெளியிலிருந்து வருவார், கொடுப்பார், ரிப்பன் வெட்டுவார். காண்டோவிலும் பணம் வெளியிலிருந்துதான் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தரையை அடித்த அம்மாவுக்கு அதன் மேல் உட்காரப் போகிற பிள்ளை யார் என்று தெரியும். கம்பியைப் பற்றவைத்த பையனுக்குக் கூரை ஏன் தூக்கி நிற்கிறது என்று தெரியும். ஒரு கல் பெயர்ந்தால் எப்படிச் சரிசெய்வது என்று ஊருக்கே தெரியும். 120 பிள்ளைகள் இருந்த பள்ளிக்கூடம் 700 பிள்ளைகள் வரை வளர்ந்தது. ஆசிரியர்களுக்கு வீடு கட்டினார்கள், கூடுதல் வகுப்பறை கட்டினார்கள். என் அம்மா தலையில் கலவை சட்டி சுமந்த பள்ளிக்கூடங்களிலும் இந்த அறிவெல்லாம் அங்கேயேதான் இருந்தது. சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒரு கட்டிடத்துக்கு மண் கல்லிலேயே வளைவு எழுப்ப நினைத்தபோது ஊர் மறுபடியும் பயந்தது. கெரே சின்னதாக ஒரு வளைவு கட்டி, வேலையாட்களோடு அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். வாயால் சமாதானம் சொல்லவில்லை. இதைக் கேட்ட மறுநாள் காலையில் அப்பா கொல்லைப்புறத்தில் செம்மண் சலித்துக்கொண்டிருந்தார்.

பழைய மர அச்சைத் தேடி எடுத்து இரண்டு கல் அறுத்தார். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் ஒரு கை சிமென்ட். ஈரச் சாக்குப் போட்டு மூடி, காய வைத்து, நேற்று ராத்திரி இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டோம். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். இது வெறும் மண் கல். விரல் வைத்தால் உள்ளே போகிறது, பாருங்கள். இது சிமென்ட் சேர்த்தது. ராத்திரி முழுக்க ஊறியும் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. நகத்தால் கீறுகிறேன், கோடு மட்டும்தான் விழுகிறது. இந்த மூலையில் ஒரு பள்ளம் தெரிகிறதே, அது அப்பாவின் கட்டைவிரல்.

எங்கள் ஊர் வாசகசாலையின் முன்பக்கம் தகர ஷீட் போட்ட ஒரு சாய்ப்பு இருக்கிறது. சாயங்காலம் இருபது பிள்ளைகளாவது அங்கே வந்து படிக்கிறார்கள். மாசி, பங்குனி வந்துவிட்டால் இருட்டிய பிறகும் ஷீட்டின் சூடு இறங்காது. அப்பா அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார், நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு. வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "தூக்கோணும்" என்றார். ஷீட்டைத் தூக்கி, கீழே ஒரு தளம். கமிட்டிக்காரர்கள் கணக்குப் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

கீழ்த் தளத்துக்கு மண் கல் அந்த இடத்தில் கனமாகிவிடும், தூண் தாங்காது என்கிறார் அப்பா. மூங்கில் தட்டியா, பழைய ஓடா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். மூங்கில் போட்டு நாலைந்து வருஷம் ஆனவர்கள் யாராவது இருந்தால், செல் அரித்ததா, என்ன பூசினீர்கள் என்று எழுதுங்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இப்போது வாசலில் நின்று கூப்பிடுகிறார், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். போய் வருகிறேன்.