ஐந்து நாள் மூத்தவன்

வணக்கம் நேயர்களே.

பிள்ளைகளும் ஹாக்கியும் என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவனுக்குப் பதினைந்து நிமிடம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இருக்கட்டும். செய்தி வாசிப்பவர்கள் இதை வளைகோல் பந்து என்பார்கள். அழகான சொல்தான். கோலாலம்பூர் செந்தூல் திடலில் அந்தச் சொல்லைக் கத்தி முடிப்பதற்குள் பந்து கோலுக்குள் போய்விடும் என்பதால், நான் ஹாக்கி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. “சார், என் பையன் மாநில அணிக்குப் போவானா?” முன்பெல்லாம் நான் பையனைத்தான் பார்ப்பேன். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, ஓடும்போது தலையைத் தூக்குகிறானா, தோற்றால் அழுகிறானா, அழுதுவிட்டு மறுபடி வருகிறானா என்றெல்லாம் பார்ப்பேன். இப்போது முதலில் கேட்பது, “எந்த மாதம் பிறந்தான்?” ஓர் அம்மா அடுத்த வாரமே ஜாதகத்தை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். “அனுஷம், சார். பத்தில் குரு இருக்கிறார்” என்றார். எனக்குக் குருவும் வேண்டாம், சனியும் வேண்டாம், ஆங்கில மாதம் போதும் என்றேன். அந்த அம்மாவுக்கு என் மேல் இருந்த மரியாதை அன்றோடு சற்றுக் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மாதம் ஏன் என்று சொல்ல ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்துமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில், என்னிடம் படித்த ஒரு பையனுக்குத் திருமணம். பையன் என்றால் அப்போதே முப்பதை நெருங்கிவிட்டான். கூட்டரசுப் பிரதேச அணிக்கு ஆடியவன், விளையாட்டுப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவன். அவனைக் கண்டெடுத்தது நான்தான் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. மேடையில் அவனும் என் காலில் விழுந்தான், நானும் நிமிர்ந்து நின்றேன்.

பிறகு பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியோடு ஒருவன் வந்தான். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே இடமே இல்லை. எதிரே அப்பளத் தட்டோடு ஒருவர் வருகிறார், பின்னால் ஒரு குழந்தை ஓடுகிறது. இவன் இடது தோளைச் சற்றே இறக்கினான். அப்பளக்காரர் அந்தப் பக்கம் ஒதுங்கினார். இவன் வலது பக்கம் நழுவிப் போய்விட்டான். வாளியில் இருந்த சாம்பார் அசையவில்லை. என் கை இலையிலேயே நின்றுவிட்டது. அந்தத் தோளை எங்கோ பார்த்திருக்கிறேன்!

பக்கத்தில் மாப்பிள்ளையின் பாட்டி உட்கார்ந்திருந்தார். யார் இந்தப் பையன் என்று கேட்டேன். “தெரியவில்லையா சார்? என் பெரிய மகன் பிள்ளை. உங்களிடம்தானே அவனும் ஹாக்கி ஆடினான். நீங்கள்தானே அணியில் வேண்டாம் என்றீர்கள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அது இன்னும் மோசம்.

அதோடு விடவில்லை. அந்த ஆண்டு மார்கழிக் கதையையும் சொன்னார். வீட்டில் இரண்டு மருமகள்களும் நிறைமாதம். திருவாதிரைக் களி கிண்டிய கையோடு பெரிய மருமகளை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவளை வீட்டுக்கு அழைத்துவந்து மூச்சு விடுவதற்குள் சின்னவளுக்கு வலி. “இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில்தான் பத்தியச் சமையல் செய்தேன் சார். ஐந்தே நாள் வித்தியாசம். இரண்டும் ஒரே மார்கழிப் பிள்ளைகள். ஒருவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள், இன்னொருவனை வாசலோடு அனுப்பிவிட்டீர்கள்.”

பாயசம் எனக்கு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய கோப்புகளை இறக்கினேன். இந்த மாதிரி வேலைக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயரை வானொலியில் சொல்ல முடியாது.

இப்போது நேயர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். வாகனம் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறும் உங்கள் பிறந்த நாள்தான். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அடுத்த இரண்டு நாள். பிள்ளைகளின் எண்ணும் அப்படித்தான். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த எண்ணை எழுதுகிறோம். முப்பது ஆண்டு எழுதினேன். எழுதினேனே தவிர, ஒரு நாளும் படிக்கவில்லை.

சாம்பார் வாளியோடு வந்த அண்ணனின் எண் 931229 என்று தொடங்கியது. 1993 டிசம்பர் 29. மாப்பிள்ளையான தம்பியின் எண் 940103. 1994 ஜனவரி 3. பாட்டி சொன்ன அதே ஐந்து நாள்தான். ஆனால் நம் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டுதான் பிரிகிறது. ஆகவே அண்ணன் 93ஆம் ஆண்டுப் பிள்ளைகளோடு நின்றான், அந்தக் கூட்டத்தில் அவன்தான் கடைக்குட்டி. தம்பி 94ஆம் ஆண்டுப் பிள்ளைகளோடு நின்றான், அங்கே அவன்தான் மூத்தவன். 2005 பிப்ரவரியில் அண்ணனைத் தேர்வுக்கு நிறுத்திப் பார்த்தபோது அவனுக்குப் பதினொரு வயதும் ஒன்றரை மாதமும். 2006 பிப்ரவரியில் தம்பியைப் பார்த்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயதும் ஒன்றரை மாதமும். அந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அண்ணனை ஓர் ஆண்டு முன்கூட்டியே தராசில் நிறுத்தி, எடை போதவில்லை என்று இறக்கிவிட்டிருக்கிறேன். தம்பியைப் பார்த்தபோது என் குறிப்பேட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘பிறவியிலேயே கை வந்தவன்.’ இருவருக்கும் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது ஒரே சித்தப்பா. பழகியதும் செந்தூல் அடுக்குமாடிக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற அதே இடம்.

அத்தோடு நிற்காமல், 2005ஆம் ஆண்டு நான் தேர்ந்தெடுத்த வட்டார அணியின் முழுப் பட்டியலையும் படித்தேன். மாதத்துக்குரிய இரண்டு இலக்கம் மட்டும். பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் இரண்டு, பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் மூன்று, மறுபடி பூஜ்யம் ஒன்று. இப்படியே போயிற்று. நவம்பர், டிசம்பரில் ஒருவரும் இல்லை. அக்டோபரில் ஒருவன் இருந்தான். அவன் கோல்கீப்பர். அந்தக் கனத்த பேடுகளைக் கட்டிக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் அவனுக்குக் கிடைத்த இடம் அது.

இதைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அண்ணன் மகள் சிரித்தாள். “பெரிய சித்தப்பா, இதைக் கனடாவில் நாற்பது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்” என்றாள்.

கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டு ஆடுவது, நம்முடையது போல் அல்ல. ஆனால் அங்கேயும் அப்போது ஜனவரி முதல் தேதிதான் வயதுக் கோடு. 1980களில் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர், மேற்குக் கனடாவின் லெத்பிரிட்ஜ் என்ற ஊரில் குடும்பத்தோடு இளையோர் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறார். அவருடைய மனைவி பாலா ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன் கையிலிருந்த நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகள் அச்சாகியிருந்தன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வருகிறதே என்று முதலில் கவனித்தது அந்த அம்மையார்தான். கணவர் வீட்டுக்குப் போய்க் கணக்கெடுத்து, 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். உயர்ந்த நிலை அணிகளில் ஏறத்தாழப் பத்துக்கு நான்கு பேர் ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள், கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர் பத்துக்கு ஒருவர் என்பது அவர் சொன்ன விகிதம். அங்கே ஒரு மனைவி, இங்கே ஒரு பாட்டி. நிபுணர்கள் எல்லாம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரிக்கு ஏதோ ராசி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் வயதுக் கோடு செப்டம்பர் முதல் தேதி. அங்கே இளையோர் கால்பந்து அணிகளில் செப்டம்பர், அக்டோபர் பிள்ளைகள்தான் குவிந்திருக்கிறார்கள். கோடு எங்கே விழுகிறதோ, அதை ஒட்டிப் பிறந்த பிள்ளை பெரிதாகத் தெரிகிறது. மறுபடி சொல்கிறேன், பெரிதாகத் தெரிகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினொரு மாதம் என்பது அதன் ஆயுளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

வளர்ந்தால் சமமாகிவிடுமே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். உடம்பு சமமாகிவிடும். ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது பாருங்கள். தேர்வான பிள்ளைக்குப் பயிற்றுநர் கிடைக்கிறார். செயற்கைத் திடலில் வாரத்துக்கு மூன்று நாள் ஆட்டம் கிடைக்கிறது. முதலாம் படிவத்தில் விளையாட்டுப் பள்ளி, விடுதிச் சாப்பாடு எல்லாம் கிடைக்கின்றன. வாசலோடு போன பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடம்தான். பதினைந்து வயதில் இருவரையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், முதல்வன் உண்மையாகவே நன்றாக ஆடுகிறான். அப்போது நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னேன்” என்பேன். சொன்னதெல்லாம் தவறு. செய்ததால் அது பலித்துவிட்டது.

இங்கே என் நண்பர்கள் உடனே குமாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எல்லோருக்கும் தெரியும், நம் மலேசியத் தேசிய அணியின் முன்னாள் கோல்கீப்பர், தம்பினில் பிறந்த சுப்பிரமணியம் குமார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவோடு அரையிறுதி. ஆட்டம் 2-2. பிறகு வெற்றி தோல்வியை முடிவு செய்ய ஷூட் அவுட். ஆறுக்கு ஏழு என்று நாம் வென்றோம், கோலில் நின்றவர் அவர். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவர் பிறந்தது 1979 நவம்பர் 26. ஆக, உங்கள் கணக்குப் பொய் என்பார்கள் நண்பர்கள். நான் சொல்வது, ஆண்டுக் கடைசியில் பிறந்தவன் முடியாதவன் என்றா? இல்லையே. முடிந்தவர்களில் பலரை நாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்றுதான் சொல்கிறேன். வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கைப் பற்றி 2013இல் வந்த ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. குழுக்கள் முறை வைத்து ஆளெடுக்கும்போது அதே வரிசையில் எடுக்கப்பட்ட இரண்டு பேரில், ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவரைவிடப் பிற்பாதியில் பிறந்தவர் 400 ஆட்டங்களை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சல்லடையில் தங்கிய பின்மாதப் பிள்ளை கெட்டியான பிள்ளை.

சரி, என்ன செய்யலாம்? நெதர்லாந்தில் ஒரு வேடிக்கையான சோதனை செய்து 2017இல் வெளியிட்டார்கள். சிறுவர் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து ஆள் தேர்வு செய்பவர்களிடம் பிறந்த தேதிப் பட்டியலைக் கொடுத்தார்கள். பயனில்லை, மூத்த பிள்ளைகளையே எடுத்தார்கள். பிறகு சட்டை எண்ணையே வயது வரிசைப்படி போட்டு, அதைத் தேர்வாளர்களிடம் சொல்லியும் விட்டார்கள். மூத்தவர் பக்கம் சாய்வது மறைந்துவிட்டது. இதைப் படித்ததும் என் கிளப்பில் நானும் செய்து பார்த்தேன். பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டாக்கி, மூத்த பிள்ளையிலிருந்து வரிசையாக எண் எழுதி ஊக்குக் குத்தினோம். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் என் பேனா பழக்க தோஷத்தில் 2ஆம் எண் மேலேயே போய் நின்றது. நல்ல உயரம், நல்ல அடி. அப்புறம் பார்த்தால் இருபத்தொன்று என்று எழுதிய துணி முழங்கால் வரை தொங்க, ஒரு பொடியன் அவனிடமிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். துணி தடுக்கி விழுந்தான், அது வேறு விஷயம். எழுந்து மறுபடி பந்தைத் தேடிப் போனான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். நான் எழுதிவைத்ததில் இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது. 1975 உலகக் கிண்ணம் நம் கோலாலம்பூரிலேயே நடந்து, மகேந்திரனும் பத்மராஜாவும் ஆடிய அணி நான்காவது இடம் பிடித்த கதையைச் சொல்ல ஆசை. அவர்களெல்லாம் புல் திடலில் பழகியவர்கள். அடுத்த ஆண்டு மொன்றியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்தது, அதோடு பள்ளித் திடலில் மட்டும் பழகும் பிள்ளைக்குத் தூரம் கூடிவிட்டது. பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அது தனி உரை, மறுபடி அழைத்தால் அதையே முதலில் பேசுகிறேன். இப்போது அவர் ஒரு விரல் காட்டுகிறார்.

ஒன்றே ஒன்று. அந்தச் சாம்பார் வாளிக்காரர் இப்போது சனிக்கிழமை காலையில் என் கிளப்புக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எண் துணிக்கு ஊக்குக் குத்துவது அவர் வேலை. வேட்டித் துணி தடுக்குகிறது என்று அளவெடுத்துச் சின்னதாக வெட்டிவிட்டார். ஆண்டுக் கடைசியில் பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால் காலை எட்டு மணிக்கு அழைத்து வாருங்கள். மட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களிடம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.