தண்ணி ஊத்துற அந்த ஒரு ஆள கவனிங்க

வணக்கம் மக்களே, இன்னிக்கு ஒரே ஒரு சுவர் ஓவியம்தான், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது. நடு எகிப்துல டெய்ர் எல் பெர்ஷான்னு ஒரு இடம், அங்க ஜெஹுதிஹோதெப்னு ஒரு மாகாண ஆளுநரோட கல்லறை, கிட்டத்தட்ட 3,900 வருஷப் பழசு. தன்னோட சிலைய குவாரியில இருந்து இழுத்துட்டு வர்றத அவர் அப்படியே சுவர்ல வரைய வச்சிருக்காரு.

சிலை 13 எகிப்திய முழம்னு பக்கத்துலயே எழுதியிருக்கு, அதாவது கிட்டத்தட்ட 22 அடி, ஹத்னுப்ங்கற குவாரியில எடுத்த அலபாஸ்டர்ங்கற வெளிர் நிறக் கல்லு. சக்கரமே கிடையாது, மரச்சட்டத்துல ஏத்தி கட்டி, நாலு வடம், வரிசையா 172 பேர் இழுக்குறாங்க. சிலையோட மடியில ஒருத்தர் நின்னு கைதட்டி தாளம் குடுக்குறாரு, ஏன்னா எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தாதானே நகரும்.

இப்ப அந்த மரச்சட்டத்தோட முன்பக்கம் பாருங்க, ஒருத்தர் குனிஞ்சு தரையில தண்ணி ஊத்துறாரு. இது ஏதோ சடங்குன்னு சில ஆய்வாளர்கள் ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. 2014ல ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து இயற்பியல்காரங்க மணல்ல சின்ன மாடல் வச்சு இழுத்துப் பாத்தாங்க, காஞ்ச மணல்னா முன்னாடி குவிஞ்சு குவிஞ்சு மறிக்குது, சரியான அளவு ஈரம் இருந்தா மணல் துகள் ஒண்ணோட ஒண்ணு இறுகி, இழுக்குற பலம் பாதி போதும்னு ஆயிடுச்சு. கடற்கரையில அலை நனைச்ச மணல்ல கால் புதையாம நடக்குறோம்ல, அதேதான். ஆனா தண்ணி ஜாஸ்தியானாலும் வேலைக்கு ஆகாது, அப்போ அந்த ஆளுக்கு எவ்ளோ ஊத்தணும்னு கை கணக்கு தெரிஞ்சிருக்கணும், அது சாதாரண வேலை இல்லங்க.

அத அந்த ஓவியர் விடல பாருங்க, அதுதான் எனக்கு பெரிய விஷயம். ஆளுநரப் புகழ்ற படம்தான், ஆனாலும் கீழ காவடி கட்டி தண்ணி தூக்கிட்டு வர்ற ஆளுங்க, மரக்கட்டை சுமக்குறவங்க, எல்லாரையும் அவங்கவங்க வேலையோட வரைஞ்சிருக்காரு. கிழவர் பையன் மேல சாஞ்சுக்கிட்டாருன்னு கூட கல்வெட்டுல வருது.

அந்த சிலை இதுவரைக்கும் கிடைக்கல. ஓவியத்தையும் 1890ல யாரோ கொத்தி நாசம் பண்ணிட்டாங்க, அதுக்கு முன்னாடி எடுத்த பிரதிகள் இருக்கறதாலதான் நாம இத முழுசா பேசவே முடியுது. ஒரு பிரதிய ஸ்க்ரீன்ல போடுறேன், பாஸ் பண்ணி ஒவ்வொரு வரிசையா பாருங்க.