அல்லிராணி இல்லாத அல்லிராணி கோட்டை

[காட்சி: கடலோர மண்மேடு. விளிம்பில் செங்கல் சுவர்கள்.]

மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகிற வழியில், அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் நிற்கிறது இந்த இடிபாடு. ஊரில் கேட்டால் அல்லிராணி கோட்டை என்பார்கள். அர்ச்சுனனையே ஆட்டிவைத்த அல்லிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரி, கோட்டையாவது உண்டா? அதுவும் இல்லை. இது ஒரு பங்களா.

இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பக்கத்திலிருந்து கவனிக்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய வீடு. கிரேக்கம் என்றால் அவருக்கு அப்படியொரு மோகம். கோர்பூ தீவுக்குப் போய் கிரேக்கத் திருச்சபையிலேயே சேர்ந்தவர். வீட்டையும் கிரேக்கத்தின் டொரிக் பாணியில்தான் எழுப்பினார். ஆவணங்களில் இது டொரிக் மாளிகை.

[காட்சி: தூண், மிக நெருக்கத்தில்.]

கிட்டப் போய்ப் பாருங்கள். கிரேக்கக் கோயில்களில் தூண் கல், இங்கே செங்கல். மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி கல் போலக் காட்டியிருக்கிறார்கள். சாந்து உரிந்த இடமெல்லாம் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

[காட்சி: கடல்.]

இத்தனை செலவும் எதிரே இருக்கும் முத்துப் பார்களை, அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளை, நம்பித்தான். 1796 முதல் 1798 வரை மூன்று வருடம் தொடர்ந்து குளித்து, பிரிட்டிஷார் நல்ல காசு பார்த்திருந்தார்கள். அந்தக் காலத்தில், கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனியில் இந்தக் கரை ஊராகிவிடும். கீழக்கரை முஸ்லிம்கள், பரவர்கள், அரபிகள் என்று குளியாட்கள் குவிவார்கள். சுறாவை மந்திரத்தால் கட்ட ‘கடல்கட்டி’ ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் யாரும் இறங்கமாட்டார்கள். பிந்திய காலத்தில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒன்று. அப்புறம் சிப்பிகளை வெயிலில் அழுகவிட்டு, கழுவி முத்தை அரிப்பார்கள். அந்த நாற்றத்தில் ஆளுநருக்குச் சோறு எப்படி இறங்கியதோ!

1906இல் ஒரு கம்பெனி பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி கைவிட்டது, 1912இல் கம்பெனியே கலைந்தது. முத்து போனபிறகு இந்த வீட்டை யார் தேடுவார்கள்?

[காட்சி: மேட்டின் அடிவாரம், விழுந்த செங்கல் பாளங்கள்.]

கடல் பக்கம் ஏற்கெனவே சரிந்துவிட்டது. அலை மேட்டின் அடியைக் குடைகிறது. அடிமண் போனதும் மேல்மண் இறங்கும், சுவரையும் இழுத்துக்கொண்டு. ஆகவே அடியில் கல்லால் தடுப்பு போடாமல் மேலே சாந்து பூசுவது வீண் செலவு. அதற்குப் பணமில்லையென்றால், மிஞ்சியதையாவது முழுதாக அளந்து வரைந்து வைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

உண்மையான கோட்டை பார்க்க ஆசையா? பக்கத்திலேயே போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்த அரிப்புக் கோட்டை இருக்கிறது. கண்டி ராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பி வந்து சேர்ந்தது அங்கேதான்.

போகிறவர்கள் தண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டு விளிம்பில் நின்று செல்பி மட்டும் வேண்டாம். காலுக்கடியில் எவ்வளவு குடைந்திருக்கிறது என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.