சட்டையின் உள்தையலில் இருக்கிற பதில்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே பேச்சு விசாவில் தொடங்கிக் கல்விக் கடனில் முடிந்துவிடுகிறது. விமானத்தை விட்டு இறங்கிய மறுநாள் காலையிலிருந்து என்ன நடக்கிறது? நான் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதல் வாரம் என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் துணி துவைக்கிற அறை. இயந்திரத்தின் முன்னால் ஒரு பையன் நிற்கிறான், கையில் கம்பளிச் சட்டை. உடனே கைபேசியை எடுக்கிறான். "அம்மா, இதை எந்தச் சூட்டில் போடணும்?" அம்மா அந்த இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பிள்ளை கேட்கிறானே என்று ஏதோ ஒன்றைச் சொல்கிறார். சட்டை பாதியாகச் சுருங்கி வெளியே வருகிறது.

பதில் அந்தச் சட்டைக்குள்ளேயே இருந்தது! உள்பக்கத் தையலில் ஒரு சின்னத் துணிப்பட்டை இருக்கும், பாருங்கள். அதில் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு படம், அதற்குள் ஓர் எண். 30 என்றால் 30 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால்தான் அலச வேண்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது. கம்பளி ஏன் சுருங்குகிறது என்றால், அந்த இழையின் மேல் மீனுக்கு இருப்பதுபோல நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரம், சூடு, உலுக்கல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு பிரிக்க முடியாது.

துணி துவைப்பதற்கு இவ்வளவு நேரமா என்று கேட்காதீர்கள். அந்தப் பையன் செய்த தவறு சூட்டில் இல்லை, கேட்ட வரிசையில் இருக்கிறது. முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். புரியவில்லையா, பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். பிறகு தானே முடிவெடுத்து, கடைசியாக வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சொல்வது நல்லதுதான், தினமும் பேசுவதும் நல்லதுதான். ஆனால் வீடு கடைசியில் வரட்டும். சொந்தக் காலில் நிற்பது என்றால் யாரையும் கேட்காமல் இருப்பது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். அப்படி இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதுதான் அது.

வாடகை அறையிலும் இதே வரிசைதான். சாவி வாங்கியதும் பெட்டியை உள்ளே வைக்காதீர்கள். முதலில் சுவர், தரை, ஜன்னல், குளியலறை எல்லாவற்றையும் படம் எடுங்கள். விரிசலோ கறையோ இருந்தால் அன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. காலி செய்யும் நாளில், ஏற்கெனவே இருந்த கறைக்கு உங்கள் முன்பணத்தில் பிடித்தம் வரும்.

படிப்புக்கு வருவோம். பெரும்பாலான ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 25 முதல் 30 மணி நேரம் உழைக்க வேண்டும். அப்படியானால் 6 கிரெடிட் பாடத்துக்குக் குறைந்தது 150 மணி நேரம். வாரம் 4 மணி நேர வகுப்பு, 14 வாரம் என்று வைத்தால் 56 மணி நேரம்தான் ஆகிறது. மீதி 94 மணி நேரம் எங்கே? அது உங்கள் மேசையில், வாரத்துக்கு ஏறக்குறைய 7 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு பாடத்துக்கு! கால அட்டவணையில் வெற்றிடமாகத் தெரிவதை ஓய்வு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் தேர்வு நெருங்கும்போது திணறுகிறார்கள். யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். நீங்கள்தான் பேராசிரியரைப் பார்க்கப் போக வேண்டும். போகும்போது 'புரியவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம், எந்த வரி, அதுவரை நீங்கள் என்ன முயன்றீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். அப்படிக் கேட்டால் உதவுவது அவருக்கும் எளிது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆய்வு செய்யவும் போய்வந்த நார்வே நாட்டவர்களை ஆராய்ந்து, லிஸ்கார்ட் என்ற அறிஞர் 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே 6 மாதத்துக்குள் இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அவ்வளவாகப் பொருந்தவில்லை. எல்லோருக்கும் இதே கணக்கு வராது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் புதுமை தீர்ந்தபிறகு ஒரு சோர்வு பலருக்கு வருகிறது. தொலைபேசியில் குரல் தளர்ந்ததும் 'திரும்பி வந்துவிடு' என்று சொல்லிவிடாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வகுப்புக்கும் போகாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகு வரும் சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். போன பிள்ளை வேறு, வந்த பிள்ளை வேறு. வந்த அன்றைக்கே பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை நீங்கள் எடுத்துப் போகாதீர்கள். அவர்களே துவைக்கட்டும்.

நன்றி, வணக்கம்.