சுவரில் எழுதிய விரல்

வணக்கம் நேயர்களே. ஒரு காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். பாரிஸ் நகரில் செந்த் ஆந்த்வான் என்ற ஏழைகளின் பேட்டை. ஒயின் கடை வாசலில் பீப்பாய் ஒன்று விழுந்து உடைகிறது. தெருவே ஓடி வருகிறது. ஆண்கள் மண்டியிட்டு, கற்களின் நடுவே தேங்கியதைக் கையால் அள்ளிக் குடிக்கிறார்கள். பெண்கள் தலைத்துணியைத் தோய்த்துக் கைக்குழந்தையின் வாயில் பிழிகிறார்கள். பீப்பாயின் சிதறிய பலகையைக்கூடச் சப்புகிறார்கள். கடைசியில் ஒருவன் ஒயின் கலந்த சேற்றை விரலால் தொட்டுச் சுவரில் ‘ரத்தம்’ என்று எழுதுகிறான்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1859இல் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’யில் வரும் காட்சி இது. பிரெஞ்சுப் புரட்சி நடந்து 70 ஆண்டுகள் ஆகியும் அதைப் போல இங்கேயும் நடந்துவிடுமோ என்ற பயம் இங்கிலாந்துக்கு விட்டபாடில்லை. 1848இல்தான் வாக்குரிமை கேட்டு சார்ட்டிஸ்டுகள் லண்டனில் திரண்டிருந்தார்கள். இன்னொரு ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி டிரோலப் 1850இல் எழுதிய ‘லா வாந்தே’ நாவல், புரட்சியை எதிர்த்து மன்னருக்காகப் போரிட்டவர்களையே நாயகர்களாக்கியது.

டிக்கன்ஸ் அப்படி ஒரேயடியாகச் சாயவில்லை. சுவரில் எழுதினானே, அவனுடைய குழந்தை ஒரு பிரபுவின் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. பிரபுவுக்கோ தன் குதிரைகளைப் பற்றித்தான் கவலை. தங்கக் காசு ஒன்றை விட்டெறிகிறார். சற்று நேரத்தில் காசு ஒன்று வண்டிக்குள்ளேயே வந்து விழுகிறது! ஜனங்கள் கொதித்து எழ இதைவிட நியாயம் வேண்டுமா?

அப்புறம் அதே ஜனங்கள் எழுந்துவிட்டால், எழுத்தாளருக்கே நடுக்கம் வந்துவிடுகிறது. பசித்த முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டியவர், இப்போது பொங்கும் கடலையும் சாணைக்கல்லில் தீட்டும் கத்திகளையும்தான் காட்டுகிறார்.

எனக்குப் பெரிய மனக்குறை மதாம் டிஃபார்ஜ் விஷயத்தில். ஒயின் கடைக்காரரின் மனைவி. யார் யார் சாக வேண்டும் என்பதைக் கம்பளிப் பின்னலில் குறியாகப் பின்னிவைப்பவள். அவள் ஏன் இப்படி ஆனாள் என்பது நாவல் முடியப்போகிற நேரத்தில்தான் தெரிகிறது. அதே பிரபுவும் அவருடைய சகோதரரும் சீரழித்த குடியானவக் குடும்பம் அவளுடையது. அக்கா, அக்கா புருஷன், பிறக்காத பிள்ளை, அண்ணன், அப்பா என்று எல்லாரும் போய்விட்டார்கள். கதையின் முடிச்சுக்காக டிக்கன்ஸ் இதை ஒளித்துவைத்தார், சரி. ஆனால் அதுவரை அவளைப் பேயாகவே பார்த்துப் பழகிவிட்டோமே!

மறுபடி படிக்கிறவர்கள், அந்தப் பீப்பாய் உடையும் இடத்தில் கடைக்குள்ளும் பாருங்கள். பின்னலைக் கீழே வைத்துவிட்டு, பல் குத்திக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அந்த ஐந்து சாவும் அப்போதே அவளுக்குத் தெரியும்.