புதுசு கொண்டு வந்தது பெருமையா, இருந்ததைக் காத்தது பெருமையா?

நடுவர் அவர்களே, ராயபுரத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். நம்ம தலைமைப் பொறியாளர் ஐயா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். தொலைபேசித் துறையில் அவருக்குப் பெருமை சேர்த்தது புதுசு புதுசாகக் கொண்டு வந்ததா, இருந்ததைக் கெடாமல் காத்ததா என்பது கேள்வி. காத்ததுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். 1984இல் சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையம் தொடங்கியது, நம் நாட்டிலேயே செய்த டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது, 1995இல் செல்போன், அப்புறம் ஃபைபர், எல்லாவற்றையும் இந்தப் பகுதிக்குக் கொண்டு வந்தவர் ஐயா என்றார். சரி, மறுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் நாடு முழுக்க வந்ததுதானே? யார் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும், கொஞ்சம் முன்னே பின்னே ராயபுரத்துக்கும் வந்திருக்கும்.

காப்பது அப்படியில்லை, நடுவர் அவர்களே. நம்ம பக்கம் தாழ்வான தரை, கூப்பிடு தூரத்தில் கடல், ஒரு மழைக்கே கேபிள் குழி ரொம்பிவிடும். அந்தக் காலக் கேபிளில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காகிதம், அதற்கு மேலே ஈய உறை; அந்த ஈயத்தில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், காகிதம் தண்ணீரைக் குடித்துவிடும், ஒரு தெருவே டயல் டோன் இல்லாமல் கிடக்கும், இல்லையென்றால் இவர் பேசுவது அவருக்குக் கேட்கும். கேபிளை இணைக்கும் தொழிலாளியான ஜாயின்டர் குழிக்குள் இறங்கித் தண்ணீரை இறைத்து, ஈரக் கம்பிகளை வெட்டி எறிந்து, நூற்றுக்கணக்கான கம்பி ஜோடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து முறுக்க வேண்டும். இளநிலைப் பொறியாளராக இருந்த ஐயா அந்தக் குழி ஓரத்தில் குந்தி, ஒரு கையில் டார்ச், தொடை மேல் நோட்டு, எந்த ஜோடி எந்த வீட்டுக்குப் போகிறது என்று ராத்திரி முழுக்க எழுதிக்கொண்டிருந்ததைக் கல்மண்டபத்துக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இன்னொன்று. செம்புக் கம்பி லேண்ட்லைனுக்குக் கரன்ட் நம் வீட்டிலிருந்து போவதில்லை, எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பி வழியாக வருகிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கரன்ட் போய்ப் பல செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. அன்றைக்கு எங்கள் தெருவில் லேண்ட்லைன் இருந்த வீட்டு வாசலில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். அந்த போன் சும்மா வேலை செய்யவில்லை. பேட்டரி அறையில் ஒவ்வொரு செல்லாக அளந்து பார்க்கணும், ஜெனரேட்டரை மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஓட்டிப் பார்க்கணும். உயர் அதிகாரியான பிறகும் ஐயா எந்த எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்டது இதையெல்லாம் எழுதி வைக்கும் பதிவேட்டைத்தான்.

அது கடமைதானே என்கிறது எதிரணி. புதுக் கட்டடம் என்றால் பணம் வரும், ரிப்பன் வெட்ட ஆளும் வரும். கேபிள் ஜாயின்டுக்குப் போடும் உறைக்குப் பணம் கேட்டு மேலிடத்தோடு மல்லுக்கட்ட எத்தனை அதிகாரி முன்வருவார், சொல்லுங்கள்?

நடுவர் அவர்களே, விழா மலரில் ஐயா திறந்து வைத்தவை மட்டும் இருக்கின்றன. அந்தக் குழிகளில் இறங்கிய ஜாயின்டர்கள், லைன்மேன்கள் பெயரையும் அதில் அச்சிடச் சொல்லி, எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.